வாய் மூடிய பொட்டலங்கள்

செவ்வாய்க் கிரகத்தின் செம்பேட்டைக் குடியேற்றத்தில் கோழிக்கறிப் பொட்டலங்கள் பேசும். பூமியிலிருந்து தண்ணீர்கூடக் கொண்டுவராதவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள். அன்று காலை சோலையப்பன் கடையில், "என்னுள் நோய்க்கிருமி உள்ளது. பதினேழு மருந்துகளில் பதினான்குக்கு அது அடங்காது" என்று ஒரு பொட்டலம் தெளிவாக அறிவிக்கும். வரிசையில் நிற்பவர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பதினாலுதானா? போன வாரம் பதினாறு. பரவால்ல, தொடையா போடுப்பா" என்பார்.

பொட்டலத்துக்கு வாய் வைத்தவர் குணமணி, குடியேற்றத்தின் நுண்ணுயிர் ஆய்வாளர். உறைக்குள் மெல்லிய கிருமியுணரி ஒன்று இருக்கும். கிருமி அளவு மீறினால் உண்மையைச் சொல்லிவிடும். உண்மை தெரிந்தால் மக்கள் நல்ல கறி கேட்பார்கள், பண்ணைக்காரர்கள் கூண்டைக் கழுவுவார்கள் என்று அவர் நம்பினார். அத்தனை படித்தவருக்கு அப்படியொரு அப்பாவித்தனம்.

சாப்பிடும் நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறது, விருந்தாளி முன் மானம் போகிறது என்று ஆட்சிமன்றத்துக்கு நாலாயிரம் மனு போயிற்று. கறி சுத்தமாக வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை.

திடீரென ஒரு ஞாயிறு எல்லாப் பொட்டலங்களும் வாயை மூடிக்கொண்டன. பண்ணைக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்ற மகிழ்ச்சியில் குணமணிக்குத் தலைகால் புரியவில்லை. "சத்தம் போடாததா பாத்து வாங்கிட்டு வாங்க" என்று கணவர் அருமைநாதனை அவரே அனுப்பினார். அருமைநாதன் கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் வெட்டிப் பச்சையாகவே தின்றார். பொட்டலம்தான் பேசவில்லையே!

அடுத்த ஞாயிறு அருமைநாதன் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தார்.

"பதினேழும் போட்டாச்சு மேடம்" என்றார் டாக்டர் ஷாஹினா. "கடைசிக்குன்னு பூட்டி வச்சிருந்த பதினெட்டாவதையும் நேத்து போட்டேன். கிருமி அசையல. அதுக்கு இந்த மருந்து ஏற்கெனவே பழக்கம்."

"எப்படிப் பழக்கம்? அது பூட்டுக்குள்ள இருந்த மருந்தாச்சே!"

"பூட்டு இருக்கு. பாதி மருந்து கோழித் தீவனத்துல கலந்துட்டாங்க. ஆட்சிமன்ற உத்தரவு. மனு ஜாஸ்தியாயிருச்சாம்."

குணமணிக்கு விளங்கிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிருமி செத்திருக்கும். எஞ்சிய ஒன்று பதினெட்டாவதையும் செரித்துப் பழகியிருக்கும். எண்ணிக்கை குறைவு, அதனால் உணரி பேசவில்லை.

"இவருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள். அதுக்கு மேல என்னால சொல்ல முடியல."

குணமணி நேரே கறிக்கடைக்கு ஓடினார். வரிசை வழக்கத்தைவிட இருமடங்கு நீண்டிருந்தது.

"வாங்க மேடம்!" சோலையப்பன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "இப்பத்தான் உங்க மிஷின் ஒழுங்கா வேலை செய்யுது."

"யாரும் வாங்காதீங்க!" குணமணி தொண்டை கிழியக் கத்தினார். "இதுல இருக்குற கிருமிக்கு இனிமே மருந்தே கிடையாது. என் வீட்டுக்காரர் செத்துக்கிட்டிருக்கார்!"

முன்னால் நின்ற பெண் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். பக்கத்திலிருந்ததை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். பின்வரிசையில் ஒருவர் சலித்துக்கொண்டார்:

"பொட்டலத்தோட வாயவே அடைச்சுட்டாங்க. இந்தம்மா வாய அடைக்க யாருக்குய்யா மனு போடணும்?"

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.