சாட்சி நேரம்

"அதை மட்டும் வேணாங்க… உங்க கால்ல விழறேன்!"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் உண்மையாகவே விழுந்துவிட்டாள். கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த கணவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"எழுந்திருடி. ஞாயித்துக்கிழமை காலையில ஒப்பாரி வைக்காத. இன்னிக்கு சிறப்புக் கூட்டம், வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வராங்க. ஆண்டவர் எனக்குச் செஞ்சதை நான் மறைக்க முடியுமா?"

"ஆண்டவர் செஞ்சதைச் சொல்லுங்க. நீங்க எனக்குச் செஞ்சதை ஏன் சொல்றீங்க? பாப்பாவுக்கு அது தெரியாது… பயந்து பயந்தே வளந்த பொண்ணு, உங்களை அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சதே இப்பத்தான்!"

"தெரியட்டும். நான் எப்பேர்ப்பட்ட குழியிலேர்ந்து வந்திருக்கேன்னு அவளுக்கும் புரியட்டும்."

கிரில் பட்டறை வைத்திருக்கும் அவனுக்குப் பழைய நாளில் 'ரேடியோ' என்று பெயர். மனைவியை எப்படி அழவைத்தான் என்று அவன் நடித்துக் காட்டினால் சாராயக் கடையே வயிறு குலுங்கச் சிரிக்கும். யாராவது அடுத்த கிளாஸை வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு ஜெபக் கூட்டத்தில் விழுந்து அழுதான். அன்றோடு குடி நின்றது. அதில் பொய்யே இல்லை. கையும் ஓங்கவில்லை, சம்பாத்தியமும் முழுதாக வீடு வந்தது. அதற்காக அவள் முழங்காலில் நின்று நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் ரேடியோ மட்டும் நிற்கவில்லை, ஸ்டேஷன்தான் மாறியது.

சபை மேடையில் சாட்சி என்று ஒரு வாரம் அவளுக்குச் சூடு வைத்த கதை. இன்னொரு வாரம் நடுத்தெருவில் முடியைப் பிடித்து இழுத்த கதை. பின்வரிசையில் அவள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "இதுதான் அந்தத் தழும்பா சிஸ்டர்?" என்று தொட்டுக்கூடப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். சொல்லாமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவன் இன்றைக்கு எடுத்திருந்தான்.

"எழுந்து சட்டையைக் கொடுடி," என்றாள் மாமியார், காபி டம்ளரை வைத்தபடி. "என் பிள்ளையைக் கர்த்தர் உயர்த்துறாரு. உனக்குப் பொறுக்கல."

* * *

அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையின் ஓரத்தில் கீபோர்டின் முன் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அப்பாவுக்கு ஏகப் பெருமை.

"நம்ம சாட்சி பிரதர்!" என்று பாஸ்டர் அழைத்தார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

அவன் மெதுவாகத்தான் தொடங்கினான். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே உடைய வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஒருநாள் ராத்திரி கதவைத் திறக்க நேரமாயிடுச்சு… ஏழு மாசக் கர்ப்பிணி அவ. வயித்துலயே உதைச்சேன் சகோதரரே! எனக்கு வர வேண்டிய ஆண்பிள்ளை… சிங்கக்குட்டி மாதிரி ஒரு மகன்… இந்தக் காலாலதான் கொன்னேன்!"

அரங்கமே அழுதது. முன்வரிசையில் மாமியார் "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கையை உயர்த்தினாள். மகளின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தவள் தாய் மட்டும்தான்.

"அந்த உத்தமி என்னை மன்னிச்சுட்டா! அவ வாயாலயே கேளுங்க!"

யார் யாரோ அவளை எழுப்பித் தள்ளிக்கொண்டு போனார்கள். கையில் மைக்கைத் திணித்தார்கள். மகளைப் பார்த்தாள். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

"பொண்ணு," என்றாள்.

பாஸ்டருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"அது ஆண்பிள்ளை இல்ல, பொண்ணு. இவருக்குத் தெரியாது. உதைச்சுட்டு ஓடிப்போனவர் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தார். வந்ததும், சாப்பாடு இருக்கான்னு கேட்டார். என்ன குழந்தைன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல. மகன்னு சொன்னா நீங்க இன்னும் அதிகமா அழுவீங்கன்னு அவரா வச்சுக்கிட்டார்… என் அத்தைக்குத் தெரியும். 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு'ன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். இப்ப அவங்கதான் ஸ்தோத்திரம் சொன்னாங்க."

மாமியாரின் கை தானாக இறங்கியது.

"இவர் குடியை விட்டுட்டார், அது சத்தியம். ஆனா குடிச்சப்ப என்னைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வச்சார். இப்ப என்னைச் சொல்லி நானூறு பேரை அழவைக்கிறார். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பாட்டைத் தொடங்கச் சொல்லி பாஸ்டர் அவசரமாகக் கையசைத்தார். கீபோர்டில் விரல் வைத்திருந்த மகள் அசையவில்லை.

* * *

வீட்டுக் கதவைச் சாத்தியதும் மாமியார் பாய்ந்தாள்.

"ஊருக்கு முன்னால புருஷன் மானத்தை வாங்கிட்டியேடி, பாவி!"

"என் மானத்தை ரெண்டு வருஷமா வாங்கினப்ப நீங்க அல்லேலூயா சொன்னீங்க அத்தை."

அவன் கை ஓங்கியது. இரண்டு வருடமாக ஓங்காத கை. அவள் ஒதுங்கவில்லை.

"அடிங்க. அடுத்த வாரம் சொல்றதுக்கு ஆகும்."

கை அப்படியே நின்றது. அந்தக் கையை அவன் அடையாளம் தெரியாததைப் போலப் பார்த்தான். பிறகு உள்ளறைக்குப் போய்விட்டான். வழக்கமாக அவன் ஜெபித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்று மாலை வரை அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா எங்கிட்ட மறைச்ச? இத்தனை வருஷம் தனியா வச்சுக்கிட்டு…"

"உனக்கு ஒரு அப்பா வேணும்னு நினைச்சேன்டி… வேற ஒண்ணுமில்ல!"

தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகையின் நடுவில்தான் அவன் வாசலில் வந்து நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"எங்க… குழந்தையை எங்க வச்ச?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கூட்டிட்டுப் போறேன். ஆனா அங்க நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

கல்லறைத் தோட்டத்தின் பின்சுவர் ஓரம், கல்லோ சிலுவையோ இல்லாத ஒரு சின்ன மேடு. குழந்தை போன அன்றைக்கு அவளுடைய தம்பி தோண்டிப் புதைத்த இடம். அவள் கை காட்டினாள். அவன் முழங்காலிட்டான். பழக்கதோஷம், "பரலோகப் பிதாவே…" என்று மேடைக் குரல் எழும்பிவிட்டது. சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு மண்ணில் முகம் புதைத்தான். முதுகு மட்டும் குலுங்கியது. மகள் சற்றுத் தள்ளியே நின்றாள்; கிட்டே வரவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினான். கிசுகிசுப்பாக, "பேரு… ஏதாவது வச்சியா?" என்று கேட்டான்.

சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். அவனை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க முடியுமா என்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் குழந்தையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்விகள் இவை. குனிந்து, அவன் காதில் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ சபைகள் அவனைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டன. அவன் போகவில்லை. அந்தப் பெயரை இன்றுவரை ஒருவரிடமும் அவன் சொன்னதில்லை.