துணைக்கு வந்தவர்

மனநல அவசரப் பிரிவுச் சீட்டில், நோயாளி என்ற இடத்தில் கயலின் பெயர் இருந்தது. அவள் சொல்லித்தான் அப்படி எழுதினார்கள். உள்ளதைச் சொன்னால் அவள் கணவன் ஈஸ்வரபாண்டி கெங்குவார்பட்டியை விட்டு நகர்ந்திருக்க மாட்டான். "எனக்குத்தான் மனசு சரியில்ல, துணைக்கு வாங்க" என்று கூட்டிவந்தாள். பல வீடுகளில் இப்படித்தான் கூட்டிவருவார்கள். காலையில் போனில் பேசிய சிஸ்டருக்கு விஷயம் தெரியும்.

ஒன்பது நாளாக அவன் தூங்கவில்லை. நேற்று, மூன்று வயது மகளைக் காட்டி, "இது நம்ம பிள்ளையில்ல கயலு. எடுத்த எடத்துலயே விட்டுறணும்" என்றான். கிணற்றைப் பார்த்தபடி சொன்னான்.

இன்று தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, மகளை மடியில் வைத்து பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தான். பினாயில் நெடிக்கு அடியில் வியர்வை ஊறிய மெத்தையின் வாடை வந்தது. பிற்பகல் வெயிலில் கம்பிக்கதவின் நிழல் தரையில் நீண்டு கயலின் பாதத்தைத் தொட்டது. உள்ளே யாரோ ஒரே சீராகச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று அந்தச் சத்தம் நின்றது.

சாவிக்கொத்தோடு ஒரு சிஸ்டர் வந்தார். "கயல் யாரு?"

"போன்ல பேசுன சிஸ்டர் எங்க?"

"மதலேனாள் அக்காவா? டூட்டி முடிஞ்சு போயிட்டாக. நீ வா தாயி."

கயல் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கில்ல சிஸ்டர். இவுகளுக்குத்தான்."

சிஸ்டர் சிரித்தார். "இங்கன வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாக."

ஈஸ்வரபாண்டி எழுந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "ஒம்பது நாளா தூக்கமில்ல சிஸ்டர். பெத்த பிள்ளையவே தன் பிள்ளையில்லங்குறா. கெணத்துப் பக்கம் விடவே பயமா இருக்கு."

கயல் அலறினாள். அலறியிருக்கக் கூடாது.

இரண்டு ஊழியர்கள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்கள். உதறினாள். ஒரு கையைக் கடித்தாள்.

"டாக்டர் வர்ற வரைக்கும் தாங்காது. ஊசியப் போடு" என்றார் சிஸ்டர்.

"பிள்ளைய... அவுககிட்ட குடுக்காதீக..."

"பாப்பாவ அப்பா பாத்துக்கிருவாக. நீ தூங்கு."

கதவு. பூட்டு.

நாக்கு தடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். குரல் வரவில்லை.

வெளியே ஆண்டிபட்டி ரோடு. வெள்ளைச் சட்டை. தோளில் மகள், அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

அவன் மகளை இறக்கினான். குனிந்து அவள் செருப்புகளைக் கழற்றினான். மதிலோரம் ஜோடியாக வைத்தான். தூசியை ஊதினான். கொலுசுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, செருப்புக்கு ஒன்றாக அவற்றின்மேல் வைத்தான்.

பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.