ஒன்று போக

"எந்தப் புண்ணியவான் எழுதின புரோகிராம் இது? ஆளைக் காட்டுங்க, விழுந்து கும்பிட்டுக்கறேன்!"

ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையே சிரித்தது. அங்கே வேலை பார்க்கும் அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கப்பா. போன வருஷம் போயிட்டார். கும்பிடணும்னா வீட்ல போட்டோ மாட்டியிருக்கு."

பழைய நோயாளிகள் பட்டியலைப் புதுக் கம்ப்யூட்டர்களுக்கு மாற்ற வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தக் கண்களில் அப்படி ஒரு பதற்றம்... பதறட்டும், நல்லா பதறட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்கு நாள் பேச்சே இல்லை. அவன் ஏதாவது கேட்டால் "ம்", இல்லாவிட்டால் "தெரியாது". பாவம், குனிந்த தலை நிமிராமல் தப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தான். முன்னூறு... நாற்பது... ஐந்து... என்று தப்புகள் குறைந்துகொண்டே வந்தன. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும் "வரேங்க" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் சத்தியமாக ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஐந்தாம் நாள் நல்ல மழை.

"ஒண்ணே ஒண்ணு அடம் பிடிக்குதுங்க..." என்றான் தயங்கி. "வார்டு ரெண்டு, பெண் நோயாளி. வார்டை விட்டுப் போன தேதி, தொண்ணூத்தொன்பதாம் மாசம் தொண்ணூத்தொன்பதாம் தேதின்னு இருக்கு. அப்படி ஒரு நாளே கிடையாதுன்னு புது மெஷின் வாங்க மாட்டேங்குது. பழைய புரோகிராம்ல, இந்த நோயாளி நம்பரை மட்டும் கேள்வி கேக்காம விட்டுடுன்னு தனியா ஒரு வரி வேற..."

திரையைப் பார்த்தாள்.

"எங்கம்மா. பதினோரு வருஷம் முன்னாடி அந்த வார்டுலதான்... அப்பாவால அந்தத் தேதியை அடிக்க முடியலை."

தினமும் சாயங்காலம், வார்டில் இருப்பவர்கள் பட்டியலில் கடைசிப் பெயராக அம்மா வருவாள். தலைமை நர்ஸ் மொத்தத்தில் ஒன்றைக் கழித்து எழுதிக்கொள்வார். அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். அப்புறம் மெதுவாக, "புதுசுலயும் அதே வரியை எழுதிடறேன். யாராவது கேட்டா என் தப்புன்னு சொல்லிக்கறேன். அம்மா இருக்கட்டுங்க..." என்றான். 

அடப்பாவி! இப்படிப் பேசினால் இனிமேல் எப்படிக் கோபப்படுவது?

"வேண்டாம்... அப்பாவும் போயாச்சு. அம்மா மட்டும் எத்தனை நாள் அந்த வார்டுல தனியாக் கிடப்பா?"

அம்மா போன நிஜத் தேதியை அவளே அடித்தாள். புது மெஷின் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டது.

தலைமை நர்ஸ் வந்து பட்டியலை எடுத்தார். பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தார். "முப்பத்திரண்டு... அதுல ஒண்ணு போக..."

"கழிக்காதீங்க சிஸ்டர். இன்னிக்குச் சரியா இருக்கு."

நர்ஸ் பேனாவை மூடினார். அவள் தலையை ஒருதரம் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், அவள் மேஜையில் கவிழ்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

அவன் கர்ச்சீப்பை நீட்டினான். "அந்தப் புண்ணியவான் இருந்திருந்தா, நிஜமாவே கால்ல விழுந்து உங்களைப் பொண்ணு கேட்டிருப்பேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. வேலை முடிஞ்சுது... நாளைக்கு இங்க வர ஒரு சாக்கும் இல்லை. அதான் இப்பவே சொல்லிட்டேன்."

"கேட்டிருந்தா, முதல்ல நல்லா திட்டு வாங்கியிருப்பீங்க..." அழுகையோடு சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா போட்டோவைக் கடைசி வரைக்கும் அப்பா மாட்டவே விடலை. நாளைக்கு வீட்டுக்கு வந்து ஒரு ஆணி அடிச்சுக் கொடுங்க. அப்புறம் ரெண்டு பேரையும் சேர்த்தே கேளுங்க."