கறுப்பு வயரில் ஒரு சுவிட்ச்

ட்ரிங்... ட்ரிங்...

கிள்ளான் நகர வீட்டில் தொலைபேசி அலறியது. காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்த இக்னேஷியஸ், அவசரப்படாமல் எடுத்தான்.

"இக்னேஷியஸ் அண்ணே... கெர்ட்ரூட் பேசறேன். அவரு குசினியில விழுந்து கிடக்கறாரு. பேச்சு மூச்சில்ல. சீக்கிரம் வாங்கண்ணே."

அண்ணே!

அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் இவன். கட்டிக்கொண்டவன் மாரிஸ். பிரிக்பீல்ட்ஸ் வயரிங் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்ச். அங்கேயும் மாரிஸ்தான் முதல். இக்னேஷியஸுக்கு வயிறு எரிந்தது.

நேற்று மாரிஸ் வீட்டுக் குசினியில், பாத்திரம் கழுவும் குழாய்க்கு மேலே சுவர் விளக்கு மாட்டிக் கொடுத்தவன் இவன்தான். கரண்ட் வரும் சிவப்பு வயரில் வைக்க வேண்டிய சுவிட்சை, அது திரும்பிப் போகும் கறுப்பு வயரில் வைத்தான். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும்... ஹோல்டரில் கரண்ட் அப்படியே இருக்கும். ஆயுசு முடிந்த பழைய பல்பு ஒன்றையும் மாட்டிவிட்டு வந்தான். பல்பு போகும். மாரிஸ் மாற்றுவான். ஈரத்தரை, வெறுங்கால்...

மோட்டார் சைக்கிள் பிரிக்பீல்ட்ஸில் இருந்த மாரிஸ் வீட்டுக்குப் பறந்தது.

வாசலில் வரிசையாகச் செருப்புகள். ஒரு ஜோடி போலீஸ் பூட்ஸும் இருந்தது. குசினித் தரையில் வெள்ளைத் துணிக்கு அடியில் ஓர் உருவம்.

"ஐயோ மச்சான்..." குரலை உடைத்துக் காட்டினான் இக்னேஷியஸ்.

இன்ஸ்பெக்டர் சபாபதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"இந்த வீட்டுல நானே பூட்ஸ கழட்டிட்டுத்தான் உள்ள வந்தேன் பாஸ். நீங்க ரப்பர் சிலிப்பரோட நிக்கறீங்க?"

"ஷாக் அடிச்ச இடத்துக்கு வெறுங்கால்ல போகக்கூடாது லா. கிளாஸ்ல மொத நாள் பாடமே அதுதான்."

கெர்ட்ரூட் நிமிர்ந்தாள்.

"நான் போன்ல விழுந்துட்டாருனுதான சொன்னேன். ஷாக்குனு யார் சொன்னா?"

இந்த முறை 'அண்ணே' வரவில்லை. இக்னேஷியஸ் வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினான்.

துணி அசைந்தது... மாரிஸ் எழுந்து உட்கார்ந்தான்! கையில், கரண்ட் பட்டால் எரியும் டெஸ்ட் பென்.

"சுவிட்ச அணைச்ச பிறகும் இது எரிஞ்சிச்சு மச்சான். நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். தொடறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணும்... அது ரெண்டாவது நாள் பாடம். நீதான் அன்னைக்கு தூங்கிட்ட."

சபாபதி விலங்கை எடுத்தார்.

"வாங்க பாஸ். லாக்கப்புல எல்லாரும் வெறுங்கால்தான். பயப்படாதீங்க, அங்க சுவிட்ச் கம்பிக்கு வெளியிலதான் இருக்கு."