பதினெட்டு குதிரை, ஒரு ஃபில்டர்

கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

தவளக்குப்பம் ஜங்ஷனை ஒட்டிய தகர ஷெட். ஞாயிறு காலை ஒன்பது மணி. உள்ளே ஒரு வெள்ளை வேன். வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன அந்த இரண்டு கால்கள்.

வேம்பு அவற்றிடம் ஐந்து நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். தன் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாத கதை. போன தடவை ரிப்பேர் சரியில்லாத கதை. மெக்கானிக் என்றால் பதில் சொல்ல மாட்டான் என்பது அவருடைய அனுபவம். அதனால் சந்தேகமே வரவில்லை.

ஆறாவது நிமிடம் குனிந்து பார்த்தார்...

அலறினார்.

மெக்கானிக் லூர்துபிரகாஷ், வயது முப்பத்தொன்று, இனி யாருக்குமே பதில் சொல்லப் போவதில்லை.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் மேனகா வந்தாள். கூடவே சிவப்புத் தொப்பியோடு கான்ஸ்டபிள் பக்கிரி.

"ஆக்சிடென்ட் மேடம். ஜாக்கி எறங்கிடுச்சு."

"கட்டை எங்க?"

"எந்தக் கட்டை?"

"வெறும் ஜாக்கிய நம்பி எவனாவது வண்டிக்கு அடியில படுப்பானா? கட்டை முட்டுக் குடுத்துட்டுதான் படுப்பான்."

கட்டை சுவரோரம் நின்றது. அதன் மேல் ஐந்து விரல்களின் கறுப்பு கிரீஸ் அடையாளம். ஈரம்கூடக் காயவில்லை.

"செத்தவன் எழுந்து வந்து கட்டையை எடுத்து வெச்சிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டானா பக்கிரி?"

பக்கிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கேஸ் சிக்கலானால் அவர் முதலில் செய்யும் வேலை அது.

மேனகா செத்தவனின் செல்போனைத் திறந்து பார்த்தாள். அவன் போகும் சர்ச்சின் அன்பியம் வாட்ஸ்அப் குரூப்; சுற்றுவட்டாரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் அதில். நூற்று நாற்பத்திரண்டு பேர். வழக்கமாக ஜெபமும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடுகிற இடத்தில் நேற்று இரவு அவன் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

கேட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"இந்த நெல்சன் யாரு பக்கிரி?"

*

நெல்சனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயது நாற்பத்து மூன்று. யூடியூபில் பத்து நிமிட வீடியோ பார்த்தால் பத்து வருட அனுபவம் வந்துவிடும் என்று நம்புகிற இனம். போன மாதம் மிக்ஸியின் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று கழற்றினான். மனைவி லினெட் காரைக்காலில் அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. மிக்ஸியும் திரும்பவில்லை.

நேற்று மாலை அவன் கை வைத்தது காரில். பன்னிரண்டு வயதான ஒரு சின்ன கார்.

போலீஸ் போனபோது வீட்டு வாசலில் அது வாயைத் திறந்துகொண்டு நின்றது. நெல்சன் தலையை உள்ளே விட்டிருந்தான். விரல் பத்தும் கறுப்பு.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள் மேனகா.

"பர்ஃபார்மன்ஸ் அப்கிரேட் மேடம்." பெருமையாக நிமிர்ந்தான். "கம்பெனி குடுக்கிற ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு இந்தக் கூம்பு ஃபில்டரை மாட்டினேன். எஞ்சின் நல்லா மூச்சு விடும். பதினெட்டு குதிரை சக்தி கூடும். வெறும் ஆயிரத்து நூறு ரூபா. பிரான்சுல எல்லாரும் வீட்லயே மாட்டிக்கிறாங்க."

"அப்புறம் ஏன் இன்னும் நோண்டிட்டு இருக்கீங்க?"

"லேசா செருமுது. பழகிடும்."

மேனகா காருக்குள் எட்டிப் பார்த்தாள். டேஷ்போர்டு கடிகாரம் 12:00 என்று மின்னிக்கொண்டிருந்தது.

"மணி பதினொண்ணு சார்."

"பேட்டரியக் கழட்டினா அப்படித்தான் ஆகும். அதெல்லாம் சின்ன விஷயம்."

செட் பண்ணத் தெரியவில்லை என்பதற்கு அவன் வைத்திருந்த பெயர், சின்ன விஷயம்.

"லூர்துபிரகாஷ் செத்துட்டான். தெரியுமா?"

நெல்சன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். கொஞ்சம் சீக்கிரமாகவே போட்டுக்கொண்டான்.

"காலைல எங்க இருந்தீங்க?"

"ஏழரைப் பூசையில. முதல் வாசகம் வாசிச்சது நான்தான். கடைசியில நன்மை அப்பம் வாங்கினதையும் ஊரே பார்த்திருக்கும்."

"நடுவுல?"

"பிரசங்கத்துக்கு ஆம்பளைங்க யாரு மேடம் உள்ள உக்காருவா? வெளிய மரத்தடியில நிப்போம். வாசகத்துல இருந்து நன்மை வரைக்கும் மொத்தமே முப்பது நிமிஷம்தான். எங்க ஃபாதர் பிரசங்கம் அளவா இருக்கும்."

"செல்போன்?"

"கோயிலுக்கு எடுத்துட்டுப் போற பழக்கம் இல்ல."

"வண்டி?"

"நேத்து மாட்டினதுக்கு அப்புறம் வீட்டுக்கும் கோயிலுக்கும்தான் போச்சு."

கோயில் இரண்டு தெரு தள்ளி. அதற்கும் காரில்தான் போயிருக்கிறான்.

மேனகா நோட்டை மூடினாள். "அப்ப பிரச்சினை இல்ல. இங்கிருந்து தவளக்குப்பம் போக இருபத்தஞ்சு நிமிஷம், வர இருபத்தஞ்சு. முப்பது நிமிஷத்துல முடியற காரியமில்ல. பக்கிரி, எழுதிக்குங்க. நெல்சன் மேல சந்தேகம் இல்ல. காரணம், வண்டி ஓட்டை."

நெல்சன் முகத்தில் வந்த நிம்மதி, கடைசி வார்த்தையில் நின்றது.

"ஓட்டையா?"

"அப்படித்தானே லூர்து சொல்லியிருக்கான்?"

செல்போனை எடுத்தாள். வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டாள். செத்தவன் சிரித்தான்.

"நெல்சன் அண்ணன் ஃபில்டர் மாட்டிட்டாராம். பதினெட்டு குதிரை ஏறுமாம். இருக்கிற குதிரையே நொண்டுது. கூம்பைத் திறந்து வெச்சா எஞ்சின் சூட்டுக் காத்தைத்தான் உறிஞ்சும், இன்னும் நொண்டும். கடைசியில வண்டியத் தள்ளிக்கிட்டு என்கிட்டதானே வரணும்... வாங்கண்ணே."

பக்கிரி வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்தது.

நெல்சனின் காது சிவந்தது.

"நல்லவேளை, உங்க உசுரக் காப்பாத்தினதே இந்த ஓட்டை வண்டிதான்," என்றாள் மேனகா. "நோணாங்குப்பம் பாலத்து ஏத்தத்துல செகண்ட் கியர் போட்டாக்கூட இது ஏறாது."

"யாரு சொன்னது? காலைல நாலாவது கியர்ல ஏறிச்சு."

தெருவில் ஒரு மீன்காரம்மா கூவிக்கொண்டே போனாள். அந்தச் சத்தம் முனை திரும்பியதும் மேனகா மூடிய நோட்டை மறுபடி திறந்தாள்.

"காலைலயா?" என்றாள் மேனகா மெதுவாக. "வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவுல எந்தப் பாலம்? அது தவளக்குப்பம் போற வழியிலதானே இருக்கு?"

நெல்சன் தன் கறுப்பு விரல்களை மடக்கிக்கொண்டான்.

"கட்டையில அஞ்சு விரல் இருக்கு. எடுத்து ஒப்பிட்டாப் போதும். நீயே சொல்லிடு."

இவ்வளவு நேரம் நீங்க. இப்போது நீ.

"கொல்லப் போகல மேடம்." காரைக் கையால் காட்டினான். "காட்டத்தான் போனேன். பிரசங்கம் முடியறதுக்குள்ள போய்ட்டு வந்து காட்டறேன்னு... வேனுக்கு அடியில கெடந்தான். வெளிய வந்து என் வண்டியப் பாருடான்னேன். வரல. அடியில படுத்துக்கிட்டே சிரிச்சான். என்னண்ணே, தள்ளிக்கிட்டே வந்துட்டியான்னு கேட்டான். மூணு தடவை கேட்டான்."

"அதனால கட்டைய உருவிட்டு ஜாக்கியத் தட்டிட்ட."

"என் மூஞ்சியக்கூடப் பார்க்காம சிரிச்சான் மேடம்..."

மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று லூர்துபிரகாஷுக்கு இருந்தது. நெல்சன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். உள்ளுக்குள் இன்னும் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணு மேடம். முப்பது நிமிஷத்துல போய்ட்டு வந்தேன். ஷெட்டுல அஞ்சு நிமிஷம். அப்ப ஒரு பக்கத்துக்குப் பன்னெண்டரை நிமிஷம். அதை மட்டும் எழுதிக்குங்க. ஃபில்டர் வேலை செய்யுது."

மேனகா அதை எழுதிக்கொள்ளவில்லை. இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"பூசை முடிஞ்சு யார்கிட்டயாவது பேசினியா?"

"இல்ல. நன்மை வாங்கின கையோட பக்கத்து வாசல் வழியா வந்துட்டேன்."

"பேசியிருந்தா சொல்லியிருப்பாங்க. உங்க ஃபாதருக்குக் காய்ச்சல். ரோம்ல படிச்சுட்டு வந்த விருந்தாளி ஃபாதர்தான் இன்னிக்குப் பிரசங்கம் வெச்சாரு. கோயில் யூடியூப் லைவ்ல பார்த்துட்டுதான் இங்க வந்தேன். நீ வாசகம் முடிச்சதுல இருந்து நன்மை வாங்கினது வரைக்கும் அம்பத்தஞ்சு நிமிஷம். கையில செல்போன் இல்ல, வண்டி கடிகாரமும் ஓடல, உனக்குத் தெரியல."

நெல்சனின் உதடு கணக்குப் போட்டது.

"இருபத்தஞ்சு... அஞ்சு... இருபத்தஞ்சு..."

"சரியாப் போச்சா? நேத்து வரைக்கும் எவ்ளோ நேரம் ஆகுமோ அதேதான் இன்னிக்கும். உன் வண்டி வேகமாப் போகல. ஃபாதர் மெதுவாப் பேசியிருக்காரு."

விலங்கு மாட்டியபோது அவன் எதிர்க்கவில்லை. கொலைப் பழி தாங்கின முகம், இதைத் தாங்கவில்லை.

"அப்ப... அவன் சொன்னது சரியா மேடம்?"

மேனகா பக்கிரி பக்கம் திரும்பினாள். "பக்கிரி, வண்டிய ஸ்டேஷனுக்கு எடுங்க."

பக்கிரி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கர்... கர்ர்... நின்றது. மறுபடி திருப்பினார். இருமியது. அதோடு அடங்கியது.

"தள்ளிட்டுதான் போகணும் மேடம். பதினெட்டு குதிரையில ஒண்ணுகூட எழுந்திருக்கல."

மேனகா நெல்சனின் முதுகில் தட்டி காரின் பின்பக்கம் காட்டினாள்.

"குதிரை எதுக்கு பக்கிரி? கழுதை ஒண்ணு சும்மாதானே நிக்குது!"