பிடிவால்

கவசமானி பச்சை காட்டியது. சகாயமேரியின் மகள் பிளெஸ்ஸிக்கு உடம்பு நூற்றுநான்கு டிகிரி கொதிக்கிறது, பல் தந்தியடிக்க நடுங்குகிறாள். அந்தப் பாழாய்ப்போன பெட்டியோ பச்சையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

"பச்சைன்னா மலேரியா வராதும்மா. வேற காய்ச்சலா இருக்கும்," என்றார் மருத்துவர். "அந்த மாத்திரை சிவப்புக்காரங்களுக்கு மட்டும்தான். சட்டம்."

"உங்க சட்டத்துல இடி விழ!" என்று கத்திவிட்டாள் சகாயமேரி.

கடல்மதில் பட்டினத்தில் எல்லாமே இந்தப் பெட்டிதான். விரலை நீட்டினால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மலேரியாக் கிருமியின் மேலுறைப் புரதத்தோடு சேர்த்துப் பார்க்கும். ரத்தம் அதை அடையாளம் கண்டு பற்றிக்கொண்டால் பச்சை, நகரத்துக்குள் வாழலாம். இல்லையென்றால் சிவப்பு, மதிலுக்கு வெளியே முகாம். அந்தப் புரதத்தை ஈஸ்டில் வளர்த்து எடுப்பதுதான் சகாயமேரியின் வேலை. தடுப்பூசிக்கும் அதுவே, பெட்டிக்கும் அதுவே.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஈஸ்ட் கரைசலிலிருந்து புரதத்தைப் பிடித்து இழுக்க, அதன் நுனியில் ஒரு பிடிவாலை ஒட்டுவார்கள். நிக்கல் மணிகள் வாலைக் கவ்வும். வேலை முடிந்ததும் வாலை நறுக்கிவிட வேண்டும். பதினோரு வருஷமாக அவசரம் அவசரம் என்று யாருமே நறுக்கவில்லை. அந்த வால் சுருண்டு புரதத்தின் முகத்தையே மூடிக்கிடந்தது. ஊசி போட்டவர்களின் ரத்தம் கற்றுக்கொண்டது வாலை மட்டும். கிருமிக்கு ஏது வால்?

வால் நறுக்கிய புரதத்தில் மகளின் ரத்தம் சிவப்பு. அவள் ரத்தமும் சிவப்பு. கூட வேலை செய்யும் ஆறு பேரும் அப்படியே. அட பாவிகளா, ஊர் மொத்தமும் ஒரு வாலை நம்பித் தெம்பாகத் திரிந்திருக்கிறது! மதிலோரம் சாக்கடை அள்ளும் கருமேகத்திடம் ஒரு சொட்டு கேட்டு வாங்கினாள். ஊசியே எட்டாத தீவிலிருந்து வந்தவர், மூன்று தரம் மலேரியாவில் விழுந்து எழுந்தவர், இரண்டு வருஷமாக முகாம்வாசி. பளிச்சென்று பச்சை.

"நம்ம ஆளுங்க யாருமே தேறலைன்னா புரதம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்," என்றார் முடிவைப் பார்த்த சுகாதார இயக்குநர் மகுடபதி. "கொட்டிருங்க."

"சார், என் புள்ள சாகுது!"

"ஆர்ப்பாட்டம் பண்ணாதீங்கம்மா. பதினோரு வருஷமா தப்பாத கருவி."

எப்படித் தப்பும்? தானே கேள்வி, தானே பதில்! சகாயமேரி கொட்டவில்லை. நகரத்துக் கவசமானிகளுக்கெல்லாம் காலையில் குப்பி நிரப்புவது அவள்தான். வால் நறுக்கியதையே நிரப்பினாள்.

ஏழு மணிக்கு பிளெஸ்ஸி சிவப்பு. மருத்துவர் மாத்திரையைக் கொடுத்தார். எட்டு மணிக்கு அவரும் சிவப்பு. மறுநாளைக்குள் நகரம் முழுக்கச் சிவப்பு, முகாமில் பாதி பச்சை. மதில் வாசல் யாருக்கும் தாட்சண்யம் பார்க்கவில்லை. எழுதிவைத்த சட்டப்படி திறந்தது, மூடியது.

மூன்றாம் நாள், காய்ச்சல் விட்டு வியர்த்துக்கிடந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, முகாமுக்குப் போகும் வரிசையில் நின்றாள் சகாயமேரி. முன்னால் பெட்டி படுக்கையோடு மகுடபதி. எதிரே மூட்டையோடு உள்ளே வந்த கருமேகம் அவரைப் பார்த்து நின்றார்.

"பாத்துப் போங்க ஐயா," என்றார். "அங்க கொசு மருந்து அடிக்க மாட்டாங்க. அடிக்கச் சொல்லி நாங்க எழுதின மனு உங்க மேசையிலதான் கெடக்கு."