பொத்தாத காது

மஹாலட்சுமி தன் பேருக்குத் திரும்புவதில்லை. தவழ ஆரம்பித்துவிட்ட பிள்ளை, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றால்கூட நிமிர்ந்து பார்ப்பாள். அப்பா கூப்பிட்டால் மட்டும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குறை இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தன் குரல்தான் பிடிக்கவில்லையோ என்று உதயகுமார் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

அன்று மாலை காமாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பிய அவன் மனைவி கீர்த்தி, மேசைமேல் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்து நின்றாள்.

"அதையே நோண்டிக்கினு இருக்காதீங்க. பாப்பா தூளியில தூங்குது, பாத்துக்கோங்க."

கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சீர்செய்வது அவன் தொழில். கம்ப்யூட்டரின் சொந்த ஒலியில் எப்போதும் ஓர் இரைச்சல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே வைக்கும் இந்த டிஏசி பெட்டி வழியாக ஸ்பீக்கருக்குப் போனால் அந்த அழுக்கு வராது என்றார்கள். வயரைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. சோதித்துப் பார்க்க, மகளுக்குப் பேர் வைத்த அன்று பதிவு செய்ததைப் போட்டான்.

இரைச்சல் விலகியதும் அந்த நாளே அறைக்குள் வந்து உட்கார்ந்தது: தட்டில் சர்க்கரை கொட்டும் சத்தம், பட்டுப் புடவைகளின் சரசரப்பு, சாம்பிராணிப் புகைக்கு யாரோ இருமியது, அக்கா வடிவாம்பாளின் வளையல், பிறகு குழந்தையின் காதோரம் குனிந்து அவள் ஓதிய "மஹாலட்சுமி", மறுபடி, மறுபடியும், எல்லாம் வலப்பக்க ஸ்பீக்கரிலிருந்து அவ்வளவு கிட்டத்தில் வர, அவன் கண் கலங்கிவிட்டது.

பிறகு இடப்பக்க ஸ்பீக்கரில் ஒரு மூச்சு.

"கலாவதி."

பெண் குரல். உதடு ஒட்டிப் பிரியும் ஈரம்கூடக் கேட்டது. அந்தப் பேரில் அவர்கள் உறவில் யாரும் கிடையாது. ஐயம்பேட்டையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, பேரு வைக்கும்போது உனக்கு எதிர்ப்பக்கம் யாரு உக்காந்துக்கினு இருந்தாங்க?"

"யாரும் இல்லியே. அங்க செவுருதானப்பா."

பேர் ஓதும்போது பிள்ளையின் மறுகாதைக் கையால் பொத்த வேண்டும், வேறு பேர் நுழைந்துவிடக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அது நினைவுக்கு வந்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மறுகாத பொத்திக்கினுதானே சொன்ன?"

"எப்டிப்பா பொத்துறது? சத்தம் நல்லா வரணும்னு அந்தக் கையிலதான நீ மைக்க குடுத்த."

போனை வைத்தான். பதிவை நிறுத்தினான். பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. பக்கத்து வீட்டுத் தறியும் நின்றிருந்தது.

"கலாவதி."

ஸ்பீக்கரிலிருந்து அல்ல. தூளிப் பக்கமிருந்து.

"ம்" என்றாள் குழந்தை.

திரும்பினான். தூளிக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கைகள் மேலே நீண்டன. தூக்கச் சொல்லும் கைகள். அவனிடம் ஒருநாளும் நீளாத கைகள்.

"மஹாலட்சுமி... அப்பா இங்க இருக்கேன்மா."

அவள் திரும்பவில்லை.

இழுத்து நின்ற தூளித் துணி, பாரம் நீங்கித் தளர்ந்தது. குழந்தை எழும்பினாள். ஒரு பெண்ணின் தோள் உயரத்துக்கு. யாருமில்லாத இடத்தில் கன்னம் சாய்த்தாள். கண்களை மூடிக்கொண்டாள். அவள் சட்டையின் முதுகில், ஒரு கையளவுக்கு, துணி அமுங்கி எழுந்தது. மெல்ல. அமுங்கி எழுந்தது.